புனலூரில் வாங்கிய பழைய மேசை, இரண்டு பிரம்பு நாற்காலி: பெயின்டை எடுக்கவா, மேலேயே அடிக்கவா?

சாரல்வீடு (செங்கோட்டை), ஜூன் 9

மரவேலை தெரிந்தவர்களிடம் ஒரு சந்தேகம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். பழைய ஓட்டு வீடு. சுண்ணாம்புச் சுவர், சிவப்புக் காவித் தரை, முன்னால் நீளமான தார்சா, உள்ளே பட்டாசல். செங்கோட்டை 1956 வரை மலையாளக் கரையோடு இருந்த ஊர். ஊருக்குள் வரும் வழியில் திருவிதாங்கூர் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்னும் நிற்கிறது. இங்குள்ள பழைய வீடுகளில் பாதிச் சாமான் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாமான்தான் என்று வீட்டுக்காரம்மா சொல்வார். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் மிச்சமில்லை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு இரும்புக் கட்டிலும் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய பட்டாசலில் உட்கார்ந்தால் ரயிலுக்குக் காத்திருப்பது போல இருந்தது.

போன மாதம் புனலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வீடு இடித்த சாமான் விற்கும் இடம் ஒன்று கண்ணில் பட்டது. கதவு, ஜன்னல், உத்தரம், ஓடு என்று மலை போல் கிடந்தது. நடுவில் ஒரு மேசை. நான்கடி நீளம், இரண்டடி அகலம், வலது பக்கம் மூன்று இழுப்பறை. கரும்பச்சை எனாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அது பெயர்ந்த இடத்தில் வான நீலம் தெரிகிறது, நீலம் பெயர்ந்த இடத்தில் பழுப்பு. அதோடு கை வைத்த பிரம்பு நாற்காலி இரண்டு. எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் பேரம் பேசி மேசை 2,800, நாற்காலி ஒன்று 700 என்று முடித்தேன். குட்டி யானை வாடகை 1,800. மொத்தம் 6,000.

மாமனார் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இந்த ஆறாயிரத்துக்குக் கடையில் புதுசே தருவானே" என்றார். ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். போய்விட்டார். அவர் ஆட்டிய கால் அதற்கப்புறம் இன்னும் நன்றாக ஆடுகிறது.

என் கேள்விகள்:

பெயின்டை முழுக்க எடுத்து மரம் தெரியும்படி பாலிஷ் போடலாமா, மேலேயே வேறு பெயின்ட் அடிப்பதா? விற்றவர் நிலம்பூர் தேக்கு என்றார். நம்பலாமா?

இழுப்பறையின் ஓரப் பலகையில் குண்டூசி முனை அளவுக்குப் பொத்தல்கள். தட்டினால் மாவு போல் கொட்டுகிறது. வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் பரவுமா?

ஒரு நாற்காலியில் பிரம்பு குழி விழுந்து தொங்குகிறது, ஆனால் அறுந்து போகவில்லை. இன்னொன்றில் பூனை படுத்து எழும் அளவுக்கு ஓட்டை.

பட்டாசல் சுவரில் ஒரு முழ உயரத்துக்குச் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு உதிர்கிறது. மேசையை அந்தச் சுவரோரம்தான் போட வேண்டும்.

கையில் இருப்பது இன்னும் மூவாயிரம். ஜூலை கடைசியில் நாத்தனார் குடும்பம் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறது, அதற்குள் முடித்தால் நல்லது. வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.


களியக்காவிளைக்காரன், ஜூன் 9

அக்கா, நான் சொல்வது குறுக்கு வழி, ஆனால் வேலை முடியும். பெயின்டை எடுக்கப் போகாதீர்கள். மூன்று அடுக்கு எனாமலை எடுத்து முடிப்பதற்குள் உங்கள் நாத்தனார் வந்து குளித்துவிட்டுத் திரும்பியும் போயிருப்பார்.

சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். காய்ந்ததும் 180-ஆம் நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு சாகும் வரை தேயுங்கள், அது போதும். குழி விழுந்த இடத்தில் லப்பம் வைத்துச் சமப்படுத்தி, ஒரு கை பிரைமர், இரண்டு கை பெயின்ட். நான் போன வருடம் என் மாமா வீட்டு டிவி ஸ்டாண்டை அப்படித்தான் செய்தேன். ஒரு சனி ஞாயிறு, செலவு 900 ரூபாய்க்குள். சின்ன ரோலரில் அடித்தால் பிரஷ் கோடு விழாது. இழுப்பறைக் கைப்பிடியை மட்டும் நல்ல பித்தளையாகப் போடுங்கள், பார்ப்பவர் கண் அங்கேதான் போகும்.

பிரம்பு எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வருவார்கள்.


கணக்கப்பிள்ளை (கொழிஞ்சாம்பாறை), ஜூன் 10

அம்மிணி, தம்பி சொன்னதை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் வரிசை தப்பாகிவிட்டது. ஆடுகிற காலை அப்படியே விட்டுவிட்டு நிறத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா ஆசாரி. சித்தூர் தாலுகாவில் அவர் கை படாத நிலைக்கதவு குறைவு. நான் அந்தத் தொழிலுக்குப் போகாமல் மரக்கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதினேன். ஓய்வுக்கு அப்புறம்தான் அப்பாவின் உளியைக் கையில் எடுத்தேன். அதனால் எனக்கு மரத்தின் விலையும் தெரியும், அதை விற்கிறவர்கள் சொல்லும் பொய்யும் தெரியும்.

முதலில் அந்த நிலம்பூர். கேரளத்தில் பழைய மரம் விற்கிற எவரும் நிலம்பூர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலபார் கலெக்டராக இருந்த கனோலி 1840-களில் அங்கே தேக்குத் தோட்டம் போட்டார், அந்தப் பெயர் இன்றைக்கும் விலை பேசுகிறது. நீங்கள் பெயரை விட்டுவிட்டு மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கமும் இழுப்பறையின் பின்பக்கமும் பெரும்பாலும் பெயின்ட் இல்லாமல் இருக்கும். கத்தியால் ஒரு விரல் அகலம் சுரண்டுங்கள். தேக்கு என்றால் பொன் கலந்த பழுப்பு, தொட்டால் லேசாக எண்ணெய்ப் பதம், சுரண்டிய இடத்தில் தோல் சாமான் போல ஒரு வாசனை வரும். பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் பலா. பலா வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்து பழுப்பாகும், ஆனால் உள்ளே மஞ்சள் போகாது. அயனியும் மஞ்சள் சாயல்தான், மலையாளத்தில் ஆஞ்ஞிலி, வள்ளங்களி வள்ளம் செய்கிற மரம். கறுத்து, ஊதா ஓடி, தூக்க முடியாத கனமாக இருந்தால் ஈட்டி. அப்படி இருந்தால் இங்கே எழுத வேண்டாம், சத்தம் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பையன். இதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் மேசையின் பச்சையும் நீலமும் அதற்கு முந்தியதாகத்தான் இருக்கும். அதில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர்ந்த உப்புத்தாள் போடவே கூடாது, மெஷின் வைத்துத் தேய்க்கவே கூடாது. அந்தத் தூசி தரையில் படிந்து குழந்தையின் கைக்கும் வாய்க்கும்தான் போகும். எரித்தெடுப்பதும் வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? மேற்பலகையை மட்டும் எடுங்கள். கண்ணுக்குத் தெரிவதும் கை படுவதும் அதுதான். பெயின்ட் ரிமூவர் ஜெல் கடையில் கிடைக்கும். வெட்டவெளியில், ரப்பர் கையுறை போட்டு, கனமாகப் பூசி, அது சுருங்கி எழும்பியதும் பட்டித் தகடால் வழித்து எடுங்கள். வழித்ததைச் செய்தித்தாளில் சுருட்டித் தனியாகக் கட்டிப்போடுங்கள். அடியில் ஒட்டியிருப்பதை ஈரம் வைத்து வாட்டர் பேப்பரில் தேயுங்கள். கால்களிலும் இழுப்பறை முகத்திலும் பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதைக் கிளறாதீர்கள். கழுவி, ஈரத்திலேயே மெல்லத் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் தம்பி சொன்ன மாதிரி மேலே புதுப் பெயின்ட். நல்ல பூச்சுக்கு அடியில் மூடிக் கிடக்கும் பழைய பெயின்டால் ஆபத்து குறைவு. பையன் கடிக்கிற விளிம்பு எதுவென்று உங்களுக்குத் தெரியும், அங்கே மட்டும் அடிக்கடி பாருங்கள். காஸ்டிக் சோடாவில் கழுவச் சொல்லி யாராவது வருவார்கள். பெயின்ட் போகும், கூடவே மரம் கறுக்கும், மூட்டும் விட்டுப்போகும்.

இப்போது கால். பழைய மேசையில் பெரும்பாலும் வச்சிரம் போட்டு ஒட்டியிருப்பார்கள், மாட்டுத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சுகிற பசை. அது காய்ந்து பொடியாகும்போதுதான் கால் ஆடும். மேலே ஃபெவிகாலை ஊற்றினால் பிடிக்காது, ஏனென்றால் அது மரத்தில் ஊறுவதற்குப் பழைய பசை இடம் கொடுப்பதில்லை. வெந்நீரில் துணியை நனைத்து மூட்டின் மேல் கால் மணி நேரம் சுற்றி வையுங்கள், பசை இளகும். துணி சுற்றிய சுத்தியால் மெல்லத் தட்டினால் கால் கையோடு வரும். உள்ளே இருப்பதை வெந்நீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தமாகக் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, அப்புறம் ஃபெவிகால். ஆணி அடிக்காதீர்கள். அப்பா ஆணி அடித்த மேசையைப் பார்த்தால் செத்த வீட்டுக்கு வந்தவர் போல் நிற்பார்.

இறுக்குவதற்குக் கிளாம்ப் வாங்க வேண்டாம். நான்கு காலையும் சேர்த்துப் பருத்திக் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு விறகுக் குச்சியைச் செருகி முறுக்குங்கள். மூட்டிலிருந்து பசை பிதுங்கி வந்ததும் நிறுத்திக் குச்சியைக் கட்டிவிடுங்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். மேசை சமதரையில் நிற்கிறதா என்று முறுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கோணலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பொத்தலும் மாவும் உளுப்பு வண்டு. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தை அது அவ்வளவாகத் தொடாது, வெளிப்பக்கத்து வெள்ளையைத்தான் தின்னும். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது. ரப்பர் மரம் முழுக்கவே அப்படி என்பதால்தான் தொழிற்சாலையில் போராக்ஸும் போரிக் அமிலமும் ஏற்றி அனுப்புகிறார்கள். இப்போது உயிரோடு இருக்கிறதா, பழைய பொத்தலா என்று முதலில் தெரிய வேண்டும். மாவு எல்லாவற்றையும் தட்டிக் கொட்டிவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்துப் பத்துப் பதினைந்து நாள் பாருங்கள். தாளில் புது மாவு விழுந்தால் உயிர் இருக்கிறது. அப்படி விழுந்தால் அந்த ஒரு பலகையை மாற்றுவதுதான் மலிவு. இல்லையென்றால் வெந்நீரில் போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்து, பூச்சு இல்லாத மரத்தில் ஊறும்படி இரண்டு மூன்று தரம் தடவுங்கள். பையன் பக்கத்தில் வேண்டாம். மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள். அந்த நாற்றம் போவதற்குள் நாமே போய்விடுவோம், அதன் மேல் பாலிஷும் பிடிக்காது.

பாலிஷ் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீங்கள் இப்போது செய்யக் கூடாது. உங்கள் ஊரில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் சாரல். காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது அரக்கு பாலிஷ் போட்டால், அரக்கைக் கரைத்த ஸ்பிரிட் ஆவியாகும் குளிர்ச்சியில் மேலே ஈரம் படிந்து, பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். ஆகஸ்ட் கழியட்டும். அதுவரை மேற்பலகை வெறும் மரமாகவே இருக்கட்டும், மேலே ஒரு துணியை விரித்துப் புழங்குங்கள். நாத்தனார் ஒன்றும் சொல்ல மாட்டார்.


ஏலக்காய் (குமுளி), ஜூன் 11

கணக்கப்பிள்ளை ஐயா மேசையை முடித்துவிட்டார், நான் நாற்காலிக்கு வருகிறேன். என் வீட்டில் இருக்கும் நான்குமே எஸ்டேட் பங்களாவில் கழித்துப் போட்டவை. நான்குமே நானே பின்னியவை, முதலாவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

குழி விழுந்த நாற்காலிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. முதலில் அது பிரம்புதானா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். நிறைய பழைய நாற்காலியில் பிரம்பு போனதும் பிளாஸ்டிக் வயர் பின்னியிருப்பார்கள். பிரம்பு என்றால் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கொதிக்கக் காய்ச்சிய வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து, பின்னலின் அடிப்பக்கம் விரியுங்கள். மேல்பக்கம் பளபளப்பாக இருக்கும், தண்ணீர் இறங்காது. அடிப்பக்கம்தான் குடிக்கும். துண்டு ஆற ஆற மாற்றி அரை மணி நேரம். அப்புறம் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க யாரும் உட்காராமல் வையுங்கள். காயும்போது சுருங்கி மேளத் தோல் மாதிரி இழுத்துக்கொள்ளும். உங்கள் ஊர்ச் சாரலில் இரண்டு நாள் ஆகலாம்.

ஓட்டை விழுந்ததில் சட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளை இல்லாமல் ஒரு பள்ளமும் அதற்குள் அடித்திறக்கிய நாரும் இருந்தால், பின்னி வரும் பாயை வெட்டி ஒட்டியது. அது சுலபம். பழைய நாரை உளியால் நெம்பி எடுத்துவிட்டு, புதுப் பாயை நனைத்து விரித்து, பள்ளத்தில் பசை விட்டு, நாரை அடித்து இறக்கினால் ஒரு மாலை நேர வேலை. துளை உள்ளதென்றால் நேர், குறுக்கு, மறுபடி நேர், மறுபடி குறுக்கு, அதற்கப்புறம் சாய்வாக இரண்டு பக்கமும், கடைசியில் ஓரம் கட்டுவது. எனக்கு முதல் நாற்காலிக்குப் பதினொரு நாள். சாய்வு இழை தப்பாகப் போனால் உடனே தெரியாது, நான்கு வரிசை தள்ளித்தான் இடிக்கும். பிரித்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். முதல் நாற்காலி என்பதால் பிரிக்காமல் விட்டேன், அந்த இடம் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பின்ன நேரமில்லை என்றால் ஆள் தேடுங்கள். பார்வையற்றவர்களுக்கான தொழிற்பயிற்சியில் நாற்காலி பின்னுவது நெடுங்காலமாக உண்டு. பழைய அரசு அலுவலக நாற்காலிகள் பலவும் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் பின்னியவை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார்கள். அவர்கள் விரல் தடவிப் பார்த்தே எங்கே தளர்வு என்று சொல்லிவிடும். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

சுவர் விஷயம். அது தரையிலிருந்து மேலே ஏறும் ஈரம். அதன் மேல் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் தோல் தோலாக உரியும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உதிர்வதைச் சுரண்டி, கொஞ்சம் நீலம் கலந்து வெள்ளையடித்துவிடுங்கள். ஆனால் இப்போது இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் சும்மா வரவில்லை, அப்போதுதான் சுவர் காய்ந்திருக்கும். அதுவரை மேசையைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உதிரும் இடத்தை மறைக்க நான் செய்தது பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரைதானே, உங்களுக்குப் பக்கம். சின்ன பாய் ஒன்றை மேலேயும் கீழேயும் மூங்கில் கழி கோத்துச் சுவரில் மாட்டினேன். பாய்க்குப் பின்னால் காற்று போக இரண்டு விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

திரைச்சீலைக்கும் காசு செலவழிக்க வேண்டாம். ஓரம் கிழிந்த பழைய கசவு முண்டு இரண்டை நடுவில் வெட்டி ஜன்னலுக்குப் போட்டிருக்கிறேன். பாலராமபுரம் கைத்தறி, கசவுக் கரை கீழே வரும்படி. காலை வெயில் அதன் வழியாக வரும்போது வீட்டுக்கே முகம் கழுவினாற்போல் இருக்கும்.

காவித் தரைக்கு ஆசிட் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஒரு சொட்டுதான், வழுக்கி விழுந்தால் நான் பொறுப்பில்லை.


சாரல்வீடு (செங்கோட்டை), ஜூன் 27

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்தது.

மேசையைக் கவிழ்த்துச் சுரண்டினேன். மஞ்சள்! மஞ்சள்தூள் டப்பாவைத் திறந்தது போல. நிலம்பூர் தேக்கு இல்லை, பலா. மாமனார் மட்டும், "பலாக்கட்டிலில்தான் என் அப்பா படுத்தார், நல்ல மரம்" என்றார். அவர் இந்த மேசையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

இழுப்பறைப் பலகையின் அடியில் கறுப்புத் தாளுக்குப் பதிலாகப் பையனின் பழைய ஸ்லேட்டை வைத்தேன். பதினாறு நாள் ஆகிறது, ஒரு துகள் விழவில்லை. மருந்து தடவிவிட்டேன். மூன்று இழுப்பறையில் இரண்டு இப்போது ஓடுகிறது, ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்ததால். மூன்றாவது மழை பெய்தால் திறப்பதில்லை, வெயில் அடித்தால் திறக்கிறது. அதில் மின்கட்டண ரசீது போட்டு வைத்திருக்கிறேன்.

கால் மூட்டை வெந்நீர்த் துணி சுற்றி எடுத்தேன், கழுவினேன், ஒட்டினேன், கயிற்றை முறுக்கினேன். அண்ணாச்சி, நீங்கள் சொன்னது போலவே பசை பிதுங்கி வந்தது. இப்போது ஆட்டினால் மேசையோடு நான்தான் ஆடுகிறேன்.

மேற்பலகையைத் தார்சாவுக்கு வெளியே வைத்து ஜெல் போட்டேன். பையனை அன்றைக்கு அம்மா வீட்டில் விட்டுவிட்டேன். பச்சை ஒரே இழுப்பில் வந்தது, நீலம் மூன்று தரம் கேட்டது. அடியில் ஓரிடத்தில் வட்டமாகக் கறுப்புக் கறை, யாரோ இரும்புப் பானையை வைத்திருக்கிறார்கள். தேய்த்தாலும் போகவில்லை.

தொங்கிய நாற்காலி சரியாகிவிட்டது. ஏலக்காய் அக்கா, தட்டினால் சத்தம் கேட்கிறது! ஓட்டை விழுந்ததற்குத் தென்காசியில் ஒருவரைப் பிடித்தேன், கூலியும் பிரம்பும் சேர்த்து 950.

செலவு இதுவரை: ஜெல், கையுறை, உப்புத்தாள், ஃபெவிகால், மருந்து எல்லாம் 1,140. கால்களுக்கு அதே கரும்பச்சை, பிரைமரோடு 480. கைப்பிடி புதிதாக வாங்கவில்லை. இருந்தது பித்தளைதான், பெயின்ட் மூடியிருந்தது. எடுத்துவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தேன்.

அந்தக் கறுப்பு வட்டத்துக்கு என்ன செய்வது?


கணக்கப்பிள்ளை (கொழிஞ்சாம்பாறை), ஜூன் 27

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். பரவாயில்லை, துவரம்பருப்பு வேண்டுமென்றாலும் கேளுங்கள்.

வெள்ளை வட்டம் என்றால் பூச்சில் மட்டும் ஈரம் ஏறியது. கறுப்பு என்றால் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உள்ளே இறங்கியது. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்வார்களே, அதே சங்கதி. ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் வெளிறும், வட்டத்தில் மட்டும் தடவாமல் பலகை முழுக்கத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பு வட்டம் போய் வெள்ளை வட்டம் வரும். அப்புறம் இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அது விஷம். காய்ந்த பொடியை மூச்சில் இழுக்கவும் கூடாது. நான்கு வயதுப் பையன் உள்ள வீட்டில், என்னைக் கேட்டால், அந்த வட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். அதன் மேல் ஒரு செம்பை வைத்துவிடுங்கள்.


சாரல்வீடு (செங்கோட்டை), ஜூலை 22

திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். நாத்தனார் வரும் தேதி முன்னால் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் நல்ல வெயில். கடையில் கலந்தே விற்கும் அரக்கு பாலிஷ் ஒரு பாட்டில் 260 ரூபாய். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சு வைத்து முடிச்சுக் கட்டி, மேற்பலகையில் இரண்டு கை போட்டேன். பலா அப்படியே தேன் நிறத்தில் எழுந்து வந்தது. நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது போன தீபாவளிக்குத்தான். மூன்றாவது கை போடும்போது மணி மூன்று. மலைப் பக்கமிருந்து காற்று திரும்பியது, தார்சா வரைக்கும் சாரல் வந்தது. மேசையை உள்ளே இழுப்பதற்குள் மேல்பகுதி முழுக்க வெண்மேகம். ஐயா சொன்ன அதே பால்.

நாத்தனார் வந்தார். மேசை மேல் ஒரு துணி விரித்திருந்தேன். துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது இப்போதைய டிசைனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இதை எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டுமா?


களியக்காவிளைக்காரன், ஜூலை 22

அக்கா, அதுதான் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். (சும்மா. போட்டோ பார்த்தேன், கால் பச்சையும் பலா நிறமும் சேர்ந்து நன்றாகவே இருக்கிறது. அடுத்த தடவை நானும் மேற்பலகையை எடுத்துப் பார்க்கப் போகிறேன்.)


கணக்கப்பிள்ளை (கொழிஞ்சாம்பாறை), ஜூலை 23

திட்ட மாட்டேன். அப்பாவே ஒரு ஆடியில் கோயில் வாகனப் பலகையை இப்படி வெளுக்கவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.

எதையும் சுரண்ட வேண்டாம். அரக்குக்கு உள்ள பெரிய குணம், ஸ்பிரிட் பட்டால் திரும்ப இளகும். நான்கைந்து நாள் தொடர்ந்து காய்ந்த வெயில் வரும் வரை காத்திருங்கள், செப்டம்பரில் வரும். சில வேளை வெண்மை தானாகவே பாதி போய்விடும். மீதிக்கு, சுத்தமான பஞ்சு முடிச்சில் ஸ்பிரிட்டைச் சில சொட்டு மட்டும் விட்டு, கையில் தட்டிப் பார்த்துக் குளிர்ச்சி தெரியும் அளவுக்கு ஈரமாக, பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிறுத்தாமல் ஒரே வீச்சில் ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பும் விளக்கும் வேண்டாம். கண்ணாடி தெளிவது போல் அடியில் இருக்கும் மரம் தெரியும். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள், அதற்கப்புறம் உங்கள் மலையை நம்பாதீர்கள்.

இன்னொன்று. அரக்குக்குச் சூடு ஆகாது, காபி டம்ளரை நேராக வைத்தால் வட்டம் விழும். எழுதுகிற மேசை என்றால் இதுவே போதும். சாப்பிடுகிற மேசை என்றால் அடுத்த வருடம் வேறு பூச்சு பார்ப்போம். யாராவது ஆளிவிதை எண்ணெய் போடச் சொன்னால் போடலாம், ஆனால் துடைத்த துணியை உருண்டையாகச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகுதான் குப்பைக்கு.


சாரல்வீடு (செங்கோட்டை), ஜூலை 23

நன்றி அண்ணாச்சி. செப்டம்பர் வரை துணி இருக்கட்டும். மேசையை மாமனார் எடுத்துக்கொண்டார், பேப்பர் படிக்க. வெளுத்த பக்கம் தமக்கு என்கிறார், எழுத்து நன்றாகத் தெரிகிறதாம்.


ஏலக்காய் (குமுளி), ஜூலை 24

அவருக்கு எந்த நாற்காலி? ஓட்டை இருந்ததா, குழி இருந்ததா?


சாரல்வீடு (செங்கோட்டை), ஜூலை 24

குழி இருந்தது. புதிதாகப் பின்னியதில் பூனை.